வான் வண்டியோடு இரவு தங்க: இங்கினியாகலையா, உகந்தையா?

மட்டக்களப்பிலிருந்து வான் வண்டியில் பாயும் அடுப்பும் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறவர்களுக்கு அம்பாறை மாவட்டத்தில் நல்ல காட்டோரங்கள் இரண்டு உண்டு.

இங்கினியாகலையில் மலை, காடு, சேனநாயக்க சமுத்திரம் என்ற பெரிய நீர்த்தேக்கம் மூன்றும் ஒரே பார்வைக்குள் வந்துவிடும். 1954இல் அமைந்த கல்லோயா தேசியப் பூங்காவைப் படகிலிருந்தே பார்க்கலாம். தீவுக்குத் தீவு யானை நீந்தும்போது தும்பிக்கை நுனி குழாய்போல் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். முதலில் பார்க்கிறவர்கள் மரக்கட்டை என்றுதான் நினைப்பார்கள். அம்பாறை நகரமும் பக்கம். அரிசி தீர்ந்தாலும் கவலையில்லை.

உகந்தைக்குப் பாணமை தாண்டிப் போக வேண்டும். மழை பெய்திருந்தால் வான் சில்லு புதையும், தள்ள ஆள் வேண்டும். ஆனால் முருகன் கோயில் பாறையும் இரவு முழுக்கக் கடல் இரைச்சலும் வேறு எங்கே கிடைக்கும்? ஆடிவேல் திருவிழா நாட்களில் கதிர்காமத்துக்கு நடந்து போகும் அடியார் கூட்டம். அமைதி தேடுகிறவர்கள் அப்போது போகவேண்டாம். பக்கத்துக் குமண பூங்காவுக்குள் தங்க முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும். குடிதண்ணீரும் நம் கையில்தான்.

எங்கே போனாலும் வாழைப்பழத்தை வானுக்குள் வைத்துத் தூங்காதீர்கள். யானைக்குக் கண்ணாடியெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

பிள்ளைகள் கூட வந்தால் நான் இங்கினியாகலைக்குத்தான் திருப்புவேன். கூட்டாளிமார் மட்டும் என்றால், சரி, உகந்தை.