முகம் பார்க்கும் கண்ணாடியா, எழுத்துப் பலகையா, போனா, மெஷினா?

நாங்குநேரி பக்கம் நாலுவழிச் சாலையில் அண்ணன் பைக்கோடு விழுந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. தலையில் பலத்த அடி. கண் திறந்த பிறகும் பேச்சில்லை, கை கால் அசைவில்லை. கண்ணை வைத்தே பேச வைக்கலாம் என்று நாலு பேர் நாலு வழி சொன்னார்கள், நாலையும் பார்த்துவிட்டோம். இப்போது தென்காசி, வள்ளியூர் என்று எங்கே யார் வீட்டில் இதே கஷ்டம் வந்தாலும் மதினிக்குப் போன் வருகிறது. ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்ல முடியவில்லை, அதனால்தான் இது.

முதலில் கண்ணாடி. அண்ணனைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியில் விரலை ஆட்டிப் பார்த்துவிட்டு நினைவு இல்லை என்று எழுதிவிட்டார்கள். பிறகு வந்த ஒரு பிசியோதெரபிஸ்ட் தன் கைப்பையிலிருந்து சின்னக் கண்ணாடியை எடுத்து முகத்துக்கு அரைச்சாண் தூரத்தில் பிடித்து மெதுவாக வலம் இடம் நகர்த்தினார், கண் கூடவே போனது. இது ஏதோ கைவைத்தியம் இல்லை. கோமா ரெக்கவரி ஸ்கேல் என்று 23 மார்க்குக்கு ஒரு பரிசோதனை இருக்கிறது, அதில் பார்வை தொடர்கிறதா என்று பார்ப்பதே கண்ணாடியை வைத்துத்தான். 2008இல் பெல்ஜியத்தின் லியேஜ் ஆராய்ச்சியாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தபோது, பொருளையோ ஆளையோ நகர்த்தியபோது தொடராத சில நோயாளிகளின் கண் தன் முகம் தெரிந்த கண்ணாடியைத் தொடர்ந்தது. 2009இல் வந்த இன்னொரு ஆய்வில், மருத்துவர்கள் கூடிப் பேசி நினைவே இல்லை என்று முடிவு செய்திருந்தவர்களில் 41 சதவீதம் பேருக்கு இந்த ஸ்கேலால் பார்த்தபோது கொஞ்சமாவது நினைவு இருந்தது.

ஒரு நாள் பார்த்து முடிவு கட்டாதீர்கள். காலையில் தொடர்கிற கண் மத்தியானம் சாப்பாடு ஏறியதும் சொருகிவிடும், இரண்டு வாரத்துக்குள் ஐந்து தடவையாவது பார்க்க வேண்டும் என்பார்கள். அப்புறம், கண் தொடர்ந்தால் பேச்சுக்குத் தயார் என்று அர்த்தமில்லை. மேலே பார்த்தால் ஆமாம், கீழே பார்த்தால் இல்லை என்று சொல்லிக்கொடுத்து, விடை தெரிந்த கேள்வியாக ஆறு கேட்க வேண்டும். உங்க ஊர் அம்பையா, இது உங்க தம்பியா, இந்த மாதிரி. ஆறும் சரியாக வந்தால்தான் அடுத்த வழிக்குப் பணம் செலவழிக்கலாம். எங்களுக்கு அதற்கே நாலு மாதம்.

எழுத்துப் பலகை பற்றிக் கொஞ்சம் கூடவே சொல்கிறேன், ஏனென்றால் என் ஓட்டு இதற்குத்தான். கண்ணாடி மாதிரித் தெளிவான அக்ரிலிக் தகடு, போர்டு எழுதும் கடையில் வெட்டித் தருவார்கள், நடுவில் ஒரு ஓட்டை. இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் நோயாளி, ஓட்டை வழியாக அவர் கண் எங்கே போகிறது என்று பார்ப்பது. ஆங்கிலப் பலகையைத்தான் முதலில் கொடுத்தார்கள், அண்ணன் படித்தது தமிழ் மீடியம். 247 எழுத்தை எங்கே எழுதுவது என்று குழம்பினோம். மதினி டியூஷன் எடுக்கிறவள், ஒரு நிமிஷத்தில் பிரித்துவிட்டாள். கசடதபற ஆறு, ஙஞணநமன ஆறு, யரலவழள ஆறு, உயிர் பன்னிரண்டும் இரண்டு ஆறு. மொத்தம் ஐந்து கட்டம். ஆறாவது கட்டத்தில் ஃ, இடைவெளி, தப்பு, ஆமாம், இல்லை, வலி. கட்டங்களும் ஆறு, ஒவ்வொன்றுக்குள்ளும் ஆறு. முதல் பார்வை எந்தக் கட்டம், இரண்டாவது பார்வை அதற்குள் எத்தனையாவது இடம். மெய்யும் உயிரும் சேர்ந்தால் உயிர்மெய், தமிழ்99 விசைப்பலகையும் இப்படித்தானே வேலை செய்கிறது. ஜ, ஸ, ஹ எல்லாம் கிடையாது, ராஜா வேண்டுமானால் ராசாதான்.

இதில் அண்ணன் சொன்ன முதல் சொல் கொசு. க, ஒ, ச, உ, எட்டுப் பார்வை. இரண்டு நாளாகத் தலையை உருட்டுகிறாரே, வலியோ என்று மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தோம்! தண்ணீர், வலி, பாத்ரூம் என்று படம் போட்ட அட்டைகளில் கொசு எங்கே இருக்கிறது?

குறையும் உண்டு. எதிரே ஒரு ஆள் எப்போதும் உட்கார வேண்டும், கை கடுக்கும், நமக்கு வலம் அவருக்கு இடம் என்பது பழக ஒரு வாரம் ஆகும். மூளையின் இடப்பக்கம் அடிபட்டு எழுத்தே மறந்துபோனவருக்கு இது உதவாது, படம்தான். மூளைத் தண்டில் ரத்தக்குழாய் அடைத்து, நினைவு இருந்தும் உடல் அசையாமல் பூட்டிக்கொண்டவர்களில் பலருக்குக் கண் மேலும் கீழும்தான் போகும், பக்கவாட்டில் போகாது. அவர்களுக்குப் பலகையைத் தூக்கி வைத்துவிட்டு, நாம் வல்லினமா, மெல்லினமா என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போக, அவர் மேலே பார்க்கும்போது நிறுத்துவதுதான் வழி.

போனைச் சுருக்கமாக முடிக்கிறேன். கூகுளின் லுக் டு ஸ்பீக் என்ற ஆப் 2020இல் வந்தது, இலவசம், இடம், வலம், மேல் என்று பார்த்து வாசகத்தைத் தேர்ந்தெடுப்பது. மேற்சொன்ன பூட்டிக்கொண்டவர்களுக்கு அதனால்தான் பயன்படாது. 2024இல் ஐ.ஓ.எஸ். 18 வந்ததிலிருந்து ஐபோனில் முன்பக்கக் கேமராவை வைத்தே கண்ணால் இயக்கலாம், சித்தப்பா மகன் துபாயிலிருந்து கொண்டுவந்ததில் போட்டுப் பார்த்தோம். பெரிய பொத்தான் என்றால் சரி, கீபோர்டு என்றால் பக்கத்து எழுத்துக்குத் தாவுகிறது. கையில் இருக்கிறதா, முயன்று பாருங்கள். இதற்காகப் புதுப் போன் வாங்காதீர்கள்.

மெஷின் என்பது திரைக்குக் கீழே ஒட்டும் பட்டை. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அடித்து, கருவிழியில் அது மின்னுகிற புள்ளிக்கும் கண்பாப்பாவின் நடுவுக்கும் உள்ள தூரத்தைக் கணக்குப்போட்டுப் பார்வை எங்கே என்று சொல்லும். நோயாளிகளுக்கென்றே விற்கும் முழு செட் லட்சங்களில் போகும். கேம் ஆடுகிறவர்களுக்கான பட்டை அதைவிட எவ்வளவோ மலிவு, ஆப்டிகீ என்ற இலவச மென்பொருளோடு சேர்த்து ஓட்டலாம், நாங்கள் வாங்கியது அதுதான். விற்க வந்த ஏஜெண்ட் சொல்லாமல் விட்டது: வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு. எங்கள் வீட்டு நடுக்கூடம் மேற்குப் பார்த்தது, சித்திரை வெயில் நேராக அடிக்கும்போது மெஷினுக்கு அண்ணன் கண்ணே தெரியாது. ஆரம்பத்தில் ஐந்து புள்ளியோ ஒன்பது புள்ளியோ வரிசையாக முறைத்துப் பார்க்க வேண்டும், மூன்றாவது புள்ளியில் கவனம் போய்விட்டால் திரும்ப முதலிலிருந்து. இமை தொங்கினாலும் கண் தானாக ஆடினாலும் திணறும், ஒரு கண்ணை மட்டும் பார் என்று மாற்றி வைக்க முடிகிறதா என்று கேட்டு வாங்குங்கள். சாய்ந்தே இருப்பவருக்கு ஸ்டாண்டு செலவு தனி.

அப்படியானால் ஏன் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை என்று மதினியிடம் கேட்கிறார்கள். பலகையில் பேச ஆள் வேண்டும், மெஷினில் வேண்டாம். பகலெல்லாம் பலகைதான், சாயங்காலம் வெயில் இறங்கியதும் மெஷினைப் போட்டுவிட்டு மதினி தோசை சுடப் போய்விடுவாள். அண்ணன் பேப்பரைத் திறந்து தானே கீழே தள்ளித் தள்ளிப் படிப்பார், கிரிக்கெட் பக்கம் முதலில்.