திருகோணமலையில் பாய்ப்படகு: குடும்பமாகப் பாவித்த அனுபவம்

படகு வாங்க யோசிக்கிற ஆட்கள் எங்களிடம் முதலில் கேட்பது, உப்புத்தண்ணீர் படகை அரித்துவிடாதா என்பதுதான். சில வருடங்களாக ஒரு பாய்ப்படகை வைத்துப் பராமரித்த பிறகு சொல்கிறேன், திருகோணமலையில் படகை அரிப்பது வெயில். உப்பை நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடலாம். வெயிலிடமிருந்து மூடித்தான் காப்பாற்ற வேண்டும்.

எங்களுடையது 24 அடி நீளமான பைபர் படகு, பழையதாக வாங்கியது. ஒரு பாய்மரம், பெரிய பாய், முன்பாய், பின்னால் சின்னதாக ஒரு அவுட்போர்ட் எஞ்சின். அடியில் கீழே நீட்டிக்கொண்டு நிற்கும் நிரந்தரத் தகடு, அதாவது கீல், கிடையாது, தூக்கி இறக்கும் நடுப்பலகைதான். பலகையை இறக்கினால் ஒன்றரை மீற்றர் ஆழம் வேண்டும். தூக்கிவிட்டால் முழங்காலளவுக்குக் கொஞ்சம் மேலே தண்ணீர் இருந்தாலே போதும். எங்கள் துறைமுகம் ஆழத்துக்குப் பேர்போனது, அது சரி. ஆனால் பிள்ளைகளோடு போய் இறங்கிச் சமைத்துச் சாப்பிட நினைக்கும் இடமெல்லாம் ஆழமில்லாத இடங்கள். மூதூர்ப் பக்கம் மகாவலி கொட்டியாரக் குடாவில் வந்து விழுகிறது. ஒவ்வொரு மாரிக்குப் பிறகும் அங்கே மணல்திட்டு இடம் மாறிக் கிடக்கும். கீல் வைத்த படகென்றால் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

பாய்மரம் மடிகிறதா என்பதையும் பாருங்கள். 2009 இல் திறந்த கிண்ணியாப் பாலம் 396 மீற்றர் நீளம், ஊருக்கு அது பெரிய விடிவு. ஆனால் பாய்மரத்தை நிமிர்த்தி வைத்துக்கொண்டு அதன் கீழே போக ஏலாது. எங்களுடைய பாய்மரத்தின் அடியில் பிணைச்சல் இருக்கிறது. பாய்மரத்தை முன்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் முன்கம்பியைக் கழற்றி, என் கணவர் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட, நான் பின்னால் நின்று தாங்கிப் பிடிப்பேன். மகள் பக்கக் கம்பிகள் சிக்காமல் பார்த்துக்கொள்வாள். அப்படிச் சாய்த்து, எஞ்சினில் மெதுவாகப் பாலத்தைத் தாண்டினால் தம்பலகாமக் குடா. காற்றுக் குறைந்த காலையில் மட்டும்தான் இதைச் செய்வோம்.

காற்றைப் பற்றி என் அப்பாவிடம்தான் கற்றோம். அவர் திருக்கடலூரில் பிறந்து தொழில் செய்தவர், பாய் கட்டிய வள்ளங்களை அறிந்தவர். வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று மேற்கிலிருந்து சூடாக வீசும். கரையோரம் அலை இருக்காது, பார்த்தால் குளம் மாதிரித் தெரியும். அதை நம்பி வெளியே போனால் திரும்பி வருவது காற்றுக்கு எதிரே. எந்தப் பாய்ப்படகும் காற்றுக்கு நேரே போகாது, சாய்ந்து சாய்ந்து வெட்டித்தான் முன்னேற வேண்டும். அரை மணியில் போன தூரத்துக்கு அரை நாள் போகும். "கச்சான் தள்ளுறது சுகம் பிள்ளை, திரும்பி வரேக்க வட்டியோட கேக்கும்" என்பார் அப்பா. அதனால் அந்த மாதங்களில் முதலில் காற்றுக்கு எதிரே போகிறோம், களைத்த பிறகு காற்றோடு வீடு திரும்புகிறோம். பிள்ளைகள் படகில் இருந்தால் இந்த ஒழுங்கை நாங்கள் மாற்றுவதே இல்லை.

வாடைக்காற்றுக் காலத்தில் வெளிக்கடல் எங்களுக்கில்லை. பாய்களைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவோம். 2020 டிசம்பர் 2 ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்தபோது, மலைகளின் மறைவில் இரட்டைக் கயிறு போட்டுக் கட்டியிருந்த படகு அப்படியே நின்றது. உள்துறைமுகத்தின் அருமையை அன்றைக்கு உணர்ந்தோம்.

இனி வெயில். பாய்த்துணி போவதற்கு முதலே நூல் போய்விடும். பெரிய பாயின் பின்விளிம்புத் தையலை நகத்தால் கீறிப் பாருங்கள். நூல் மாவாக உதிர்ந்தால் அடுத்த நல்ல காற்றில் அது பிரியும், துணி எவ்வளவு மொறுமொறுப்பாக இருந்தாலும் சரி. எங்கள் பாயை முழுக்கத் திரும்பத் தைத்தோம். முச்சக்கரவண்டிக்கு ஹூட் தைக்கிற ஒருவர் தடித்த ரெக்சினில் உறை தைத்துத் தந்தார். படகில் நாங்கள் செலவழித்த காசில் மிகவும் உபயோகமான காசு அதுதான். சின்ன யன்னல்களின் பிளாஸ்டிக் வெடித்து மங்கியது, மாற்றினோம். மேல்தளத்துக்கு வெளிர்நிறப் பெயின்ற் அடித்த பிறகுதான் பிள்ளைகள் வெறுங்காலோடு நடந்தார்கள். நங்கூரம் போட்டவுடன் பாயின் அடிக்கட்டைக்கு மேலால் ஒரு படங்கை விரித்துக் கட்டிவிடுவோம். அந்த நிழல் இல்லையென்றால் பதினொரு மணிக்கே எல்லோருக்கும் வீட்டு நினைப்பு வந்துவிடும்.

படகின் அடிப்பக்கம் இன்னொரு தலைவலி. கடல் ஏறி இறங்கும் அளவு கூடிய நாடுகளில், வற்றும் நேரத்தில் படகைத் தரையில் இருத்திக் கழுவிவிடுவார்களாம். இங்கே ஏற்றவற்றம் ஒரு மீற்றர்கூட இல்லை. ஆகவே கரைக்கு இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் முகமூடி போட்டு மூழ்கிச் சுரண்ட வேண்டும். சூடான தண்ணீர் என்பதால் பாசியும் சிப்பியும் மளமளவென்று ஒட்டும். ஒட்டினால் படகு காற்றுக்கே அசையாது. பாசி பிடிக்காத பெயின்ற்றில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

2022 ஐ இந்த இடத்தில் சொல்லாமல் விட முடியாது. பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசை நின்ற மாதங்களில் கரை முழுக்க வள்ளங்கள் கவிழ்ந்து கிடந்தன. அப்பாவும் என் கணவரும் விடிய முன்னம் கரைக்காற்றில் பாய் விரித்து வெளியே போய், பகல் கடற்காற்றில் திரும்பி வந்தார்கள். தூண்டிலில் பட்ட சூரையும் பாரையும் எங்கள் வீட்டோடு பக்கத்து வீடுகளுக்கும் கறியானது. பாயைப் பொழுதுபோக்கு என்று நினைத்த என் மகன் அந்த வருடத்துக்குப் பிறகு அதை வேறு கண்ணால் பார்க்கிறான்.

கொட்டியாரக் குடாவிலிருந்தே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று இறங்கிப் போகிறது. கரைக்கு இவ்வளவு கிட்டத்தில் பெரிய திமிங்கிலங்கள் வருவதற்கு அந்த ஆழமும் ஒரு காரணம். எஞ்சின் சத்தமில்லாமல் பாயில் நிற்கும்போது, கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலைக்கு வெளியே நீலத்திமிங்கிலம் மூச்சு விடுவது காதுக்குக் கேட்கும். நாங்கள் கிட்டப் போவதில்லை, அது போகும்வரை நின்று பார்ப்போம். புறாத்தீவுக்கு மட்டும் எங்கள் படகைக் கொண்டுபோவதில்லை. 2003 இலிருந்து அது தேசியப் பூங்கா. பவளத்தில் நங்கூரம் விழுந்தால் உடைந்தது உடைந்ததுதான். நிலாவெளியிலிருந்து அனுமதி பெற்ற படகில் போய் வாருங்கள்.

பழைய பாய்ப்படகு வாங்கப் போகிறீர்கள் என்றால் பைபரைத் தட்டிப் பார்ப்பதோடு நிற்காதீர்கள். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் முடிவிடத்தில் ஒரு குழலுக்குள் நுழையும். தண்ணீர் தங்குவது அதற்குள்தான், துருப்பிடிக்காத உருக்கும் அங்கே பிடிக்கும். பழுப்பாக ஒரு கறை வழிந்திருந்தாலோ, ஓர் இழை அறுந்து கையைக் குத்தினாலோ அந்தக் கம்பி சரிவராது. பத்து வருடம் தாண்டிய கம்பியென்றால் பார்வைக்கு எப்படி இருந்தாலும் மாற்றத்தான் வேண்டும். அந்தச் செலவைக் கழித்தே விலை பேசுங்கள்.