மலேசியாவில் கற்பித்தல் பயிற்சி என்று பணம் கேட்கிறார்கள்: காரைக்குடியிலிருந்து ஓர் எச்சரிக்கை

பி.எட். இரண்டாம் ஆண்டுக்கான பள்ளிப் பயிற்சியை மலேசியத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஏற்பாடு செய்து தருவதாகச் சொல்லி, காரைக்குடியில் ஒரு வணிக வளாகத்தின் மாடியில் இருக்கும் முகவர் என்னிடம் 1,85,000 ரூபாய் வாங்கினார். பன்னிரண்டாம் நாள் நான் ஊர் திரும்பிவிட்டேன். தேவகோட்டைப் பக்கத்து மாணவிகள் இருவரிடம் அவர் இப்போதும் பேசிவருவதாக அறிந்ததால் இதை எழுதுகிறேன்.

அவர் சொன்னவற்றில் பாதி உண்மை. மலேசியாவில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் அங்கே 30 நாள் வரை தங்கலாம். திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானமும் உண்டு. ஆனால் பி.எட். படிப்பில் உள்ள 20 வாரப் பயிற்சியில் இரண்டாம் ஆண்டுக்கு உரியது 16 வாரம், அதாவது 112 நாள். இந்த 30ஐயும் 112ஐயும் அருகருகே வைத்துப் பார்க்க, கணக்கு ஆசிரியராகப் போகிற எனக்குத் தோன்றவில்லை. இதையே கேட்ட தோழி ஒருத்தியிடம், மாதம் ஒருமுறை தாய்லாந்து எல்லையைத் தாண்டிவிட்டுத் திரும்பி வந்தால் போதும் என்று அவர் சொன்னாராம்.

விமான நிலையத்தில் அதிகாரி கேட்டால் சுற்றிப்பார்க்க வந்ததாகச் சொல்லும்படி எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பயிற்சிக்குத்தானே போகிறேன் என்றதற்கு, "எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க, பயப்படாதீங்கம்மா" என்றார் முகவர். அந்த இடத்திலேயே நான் பின்வாங்கியிருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியர் என்னை உட்காரச் சொல்லித் தேநீர் வரவழைத்துவிட்டு, நான் கொண்டுபோன கடிதத்தை இரண்டு முறை படித்தார். அதிலிருந்த முத்திரை அவர்களுடையதே அல்ல. கல்வி இலாகாவின் ஒப்புதல் இல்லாமல் வெளியாரை வகுப்பில் நிறுத்த முடியாது என்றும், பயிற்சிக்கு வருபவருக்குக் குடிநுழைவுத் துறையின் தனி அனுமதி வேண்டும் என்றும், அதை அங்குள்ள நிறுவனம்தான் முன்கூட்டியே வாங்கவேண்டும் என்றும் அவர் பொறுமையாக விளக்கினார். முகவரை அழைத்தபோது, கிள்ளான் நகரில் ஒரு டியூஷன் சென்டருக்குப் போகச் சொன்னார். அங்கே நான்கு மாலைகள் சம்பளமில்லாமல் பாடம் எடுத்தேன். சுற்றுலா வந்தவள் வேலை செய்வது குற்றம் என்று அங்கிருந்த ஆசிரியை ஒருவர் காதோடு சொன்ன பிறகு, என் செலவிலேயே டிக்கெட் எடுத்தேன்.

திரும்பி வந்ததும் அப்பத்தா கேட்ட முதல் கேள்வி, "சீட்டு எழுதினியா ஆத்தா?" என்பதுதான். அவருடைய தகப்பனார் மலாயாவில் ஒரு கிட்டங்கியில், அதாவது செட்டியார்களின் வட்டிக்கடையில், முதலாளியின் முகவருக்கு அடுத்த நிலையில் வேலை பார்க்கும் அடுத்தாளாக இருந்தவர். அந்தக் காலத்தில் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனவர்கள் தவணையும் சம்பளமும் குறித்த சம்பளச் சீட்டு எழுதிக்கொண்ட பிறகுதான் கப்பல் ஏறினார்கள். என்னிடம் இருந்ததோ வாட்ஸ்அப் செய்திகளும் ஒரு ரசீதும் மட்டுமே.

அந்த ரசீதைப் பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். 'கல்விச் சுற்றுலா ஆலோசனைக் கட்டணம்' என்று இருந்தது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புபவர் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் தவிர வேறு கட்டணம் வாங்கக் கூடாது. நாங்கள் வேலைக்கு அனுப்பவில்லையே என்று தப்பிக்கத்தான் ரசீதில் 'சுற்றுலா' என்ற சொல். கல்லூரியில் தாமே பேசிவிட்டதாக முகவர் சொன்னதும் பொய். முன் அனுமதி பெறாத வாரங்கள் எதுவும் கணக்கில் சேராது என்று கல்லூரி முதல்வர் சொல்லிவிட்டார். இனி அடுத்த ஆண்டு மாணவர்களோடுதான் எனக்குப் பயிற்சி.

சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. பாதிப்பு நேர்ந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பிய அதே வாரத்தில் முகவரிடமிருந்து 40,000 ரூபாய் திரும்ப வந்தது. மீதியைக் கேட்டால் தொலைபேசியை எடுப்பதில்லை. இதே முகவரிடம் ஏமாந்தவர்கள் இருந்தால் ரசீதைக் கிழித்துவிடாமல், செய்திகளை அழித்துவிடாமல் வைத்திருங்கள். அடுத்த விசாரணைக்கு இன்னொருவரின் ரசீதும் சேர்ந்தால் நல்லது என்று வழக்கறிஞர் சொல்கிறார்.