ஆபரேஷனுக்குப் பிறகு எடை திரும்பினால்: ரீசெட்டா, ஊசியா, தையலா, இன்னொரு ஆபரேஷனா?

எடைக் குறைப்பு ஆபரேஷன் முடிந்து மூன்று நான்கு வருடம் கழித்து எடை ஏறத் தொடங்கியதும் பலர் முதலில் தேடுவது டாக்டரை அல்ல, சிறிதாக்கிய வயிற்றுப் பையைப் பழையபடி சுருக்கிவிடும் என்று சொல்லப்படும் ஐந்து நாள் 'பவுச் ரீசெட்' டயட்டை. காரணம் வெட்கம்தான். 'இவ்வளவு செய்தும் கோட்டை விட்டீர்களா' என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயம்.

முதலில் ஒரு கணக்கு. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு எடை மிகக் கீழே இறங்குவது பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடத்துக்குள். அப்புறம் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். ஸ்வீடனில் நடந்த நீண்டகால ஆய்வின் 2007ஆம் ஆண்டு முடிவுகளில், இரைப்பை பைபாஸ் (வயிற்றின் மேல்பகுதியைச் சிறு பையாகப் பிரித்து நேராகக் குடலோடு இணைக்கும் ஆபரேஷன்) செய்துகொண்டவர்கள் ஆரம்ப எடையில் சராசரியாக 32 சதவீதம் வரை இழந்திருந்தார்கள். பத்து வருடம் கழித்து அது 25 சதவீதமாக இருந்தது. அதாவது 120 கிலோவில் தொடங்கி 82க்கு இறங்கிய ஒருவர் 90இல் வந்து நிற்பது சராசரிக் கதை. அதைத் தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன். 90ஐத் தாண்டி மாதாமாதம் முள் நகர்ந்துகொண்டே இருந்தால்தான் வழி தேட வேண்டும்.

ரீசெட் டயட் என்பது இதுதான்: முதல் இரண்டு நாள் திரவம், அடுத்து மென்மையான புரதம், கடைசியில் கெட்டியான புரதம். இரண்டு கிலோ சட்டென்று இறங்கும். உடம்பில் சேமித்திருக்கும் ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் (மாவுச்சத்தின் சேமிப்பு வடிவம்) ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்தை நிறுத்தியதும் அது வடிந்துவிடுகிறது. மற்றபடி பெயரில் சொல்வது போல எதுவும் நடப்பதில்லை. ஐந்து நாள் இப்படிச் சாப்பிட்டால் வயிற்றுப் பை சுருங்காது. நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும்: நாள் முழுக்கக் கொறிக்கும் பழக்கத்தை வெட்டிவிட இது சிலருக்கு உதவுகிறது. சரி, ஆறாம் நாள் என்ன செய்வது? அதற்கு இந்த டயட்டில் பதில் கிடையாது.

பதில் இருப்பது, ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த பழைய தாளில். சாப்பாட்டில் புரதம் முதலில், நாளைக்குக் குறைந்தது 60 கிராம். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது, முடித்து அரை மணி நேரம் கழித்துத்தான். இந்தத் தண்ணீர் விதிதான் எல்லோரும் முதலில் கைவிடுவது, ஆனால் அதற்கு அர்த்தம் இருக்கிறது. கெட்டியான புரதம் சிறிய வயிற்றில் நேரம் எடுத்து நிற்கும், நிறைந்த உணர்வு வரும். பிஸ்கட், சிப்ஸ், ஐஸ்கிரீம் எல்லாம் கரைந்து வழுக்கிப் போய்விடும். கூடவே தண்ணீரும் குடித்தால் கேட்கவே வேண்டாம். 'வயிறு பெரிதாகிவிட்டது' என்று சொல்பவர்களிடம் நான் கேட்பது: வேகவைத்த கோழித் துண்டை மட்டும், தண்ணீர் இல்லாமல், மெதுவாகச் சாப்பிட்டுப் பார்த்தீர்களா? கொஞ்சத்திலேயே போதும் என்றாகிவிட்டால், வயிறு ஓரளவு தன் வேலையைச் செய்கிறது என்று கொள்ளலாம். மாறியது உள்ளே போகும் பொருள்.

ஆனால் எல்லோருக்கும் பிரச்சினை கொறிப்பு அல்ல. தாளில் உள்ளபடியே நடந்தும், சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் பழைய பசி வந்து நிற்கிறதே சிலருக்கு, அவர்களிடம் 'இன்னும் கட்டுப்பாடாக இருங்கள்' என்று சொல்வது அநியாயம். எடை இறங்கிய உடம்பு பசியைக் கூட்டி, செலவழிக்கும் சக்தியைக் குறைத்துக்கொள்ளும். மன உறுதி போதாததால் வருவதல்ல அது. இங்கேதான் பசியைக் குறைக்கும் ஊசி வருகிறது. லிராக்ளூடைட், செமக்ளூடைட், டிர்செபடைட் என்ற வரிசை. ஆபரேஷன் செய்தும் எடை போதிய அளவு குறையாத 70 பேரிடம் நடந்த ஒரு பரிசோதனையின் முடிவு 2023இல் வெளியானது. 24 வாரம் லிராக்ளூடைட் போட்டவர்களுக்கு எடை ஏறத்தாழ 9 சதவீதம் குறைந்தது, போலி ஊசி போட்டவர்களுக்கு அரை சதவீதம்தான். சிறிய பரிசோதனைதான், ஆனாலும் வித்தியாசம் பெரியது.

குறை என்ன? நிறுத்தினால் எடை திரும்பும். ஆபரேஷன் செய்யாதவர்களிடம் பார்த்ததில், செமக்ளூடைட்டை நிறுத்திய ஒரு வருடத்தில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. இன்னொன்று, ஏற்கெனவே சிறிய வயிறு. அதில் பசியும் செத்துப் போனால் புரதமும் விட்டமினும் பாதாளத்துக்குப் போகும். வாந்தி தொடர்ந்தால் தயமின் (விட்டமின் பி1) குறைந்து நரம்பையே பாதிக்கலாம். ரீசெட்டையும் ஊசியையும் ஒரே வாரத்தில் தொடங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும்.

தையல் வழி, பைபாஸ் செய்தவர்களில் ஒரு பகுதியினருக்கு. சிறு வயிற்றிலிருந்து குடலுக்குப் போகும் வாய் காலப்போக்கில் அகலமாகிவிட்டால், எண்டோஸ்கோபி மூலம் தொண்டை வழியாகவே போய் அதைத் தைத்துச் சுருக்குகிறார்கள். வெளியே வெட்டு கிடையாது. வாய் அகலமாகாதவருக்கு இதனால் பெரிய பலனை எதிர்பார்க்க முடியாது, ஆகவே பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது. ஸ்லீவையும் (பெரும்பகுதியை வெட்டி எடுத்துக் குழாய் போல ஆக்கிய வயிறு) உள்ளிருந்தே தைத்துச் சிறிதாக்குவது உண்டு.

மறு ஆபரேஷனை நான் கடைசியில் வைப்பேன். முதல் ஆபரேஷனைவிடச் சிக்கல்கள் அதிகம், பலன் பெரும்பாலும் குறைவு. ஸ்லீவ் செய்தவருக்கு எடையோடு சேர்ந்து நெஞ்செரிச்சலும் தூங்கவிடாமல் வதைக்கிறது என்றால் கதை வேறு. பைபாஸாக மாற்றினால் இரண்டுக்கும் வழி கிடைக்கும். பைபாஸில் ஒதுக்கிவைத்த பழைய வயிற்றுக்கு மறுபடி பாதை திறந்துகொண்டாலும் அப்படித்தான். அதை டயட்டால் மூட முடியாது.

இதில் எதையும் தேர்ந்தெடுக்கும் முன், நீங்கள் எடுக்கும் மருந்துகளைப் பாருங்கள். ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மருந்துகள் எடையை ஏற்றும். இவற்றை நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக் கொடுத்தவரிடம் கேளுங்கள். மதுவும் கணக்கில் வர வேண்டும்: பைபாஸுக்குப் பிறகு அது வேகமாக ஏறும், பழக்கமாகும் ஆபத்தும் கூடும்.

டாக்டரிடம் போகும்போது மூன்றைக் கொண்டுபோனால் போதும். இரண்டு வாரச் சாப்பாட்டுக் குறிப்பு, நேரத்தோடு, ராத்திரி பதினொரு மணி பிஸ்கட் உட்பட. மருந்துப் பட்டியல். ஆபரேஷன் வேறு இடத்தில் நடந்திருந்தால் அதன் டிஸ்சார்ஜ் அறிக்கை. 'பசியா, கொறிப்பா, உள்ளே ஏதாவது மாறியிருக்கிறதா?' என்று அங்கே நேராகக் கேளுங்கள். மூன்றாவது சந்தேகம் இருந்தால் எண்டோஸ்கோபியோ பேரியம் எக்ஸ்ரேயோ எழுதிக் கொடுப்பார்கள்.