கடையில் 62 டிகிரி, வீட்டில் 106

கிராபிக்ஸ் கார்டு சூடாகிறது, பேஸ்ட் (சிப்பின் சூட்டை ஹீட்சிங்க் என்ற உலோகத் தகடுகளுக்குக் கடத்தும் பசை) மாற்றக் கடையில் கொடுக்கலாம் என்று இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். எனக்கு 2,400 ரூபாய் போனது. கடைக்காரர் அடுத்துச் சொன்னதையும் நம்பியிருந்தால் கார்டே போயிருக்கும்.

என்னுடையது ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ. 2022 செப்டம்பரில் ஈதீரியம் மைனிங் (கார்டுகளை இரவு பகலாக ஓட்டிக் கிரிப்டோ நாணயம் ஈட்டுவது) நின்றதும் பழைய கார்டுகள் மலிவாக வந்து குவிந்தன அல்லவா, அதில் ஒன்று. மைனிங்கில் ஓடியது என்று தெரிந்தேதான் வாங்கினேன். இரண்டு வருடம் ஒரு தொந்தரவும் இல்லை. கத்திரி வெயிலில்தான் ஆரம்பித்தது. சென்னையில் மொட்டை மாடிக்குக் கீழ் அறை, ஏசி கிடையாது, மதியம் உள்ளேயே 36 டிகிரி. கேம் ஆடினால் கார்டு 84, ஹாட்ஸ்பாட் (சிப்பில் மிக அதிகம் சூடான புள்ளி) 98. கார்டின் வெப்பத்துக்கு (ஹாட்ஸ்பாட்டுக்கு அல்ல) என்விடியா கொடுத்திருக்கும் உச்ச வரம்பு 93. ஆக, இன்றே செத்துவிடும் நிலை இல்லை. ஆனால் ஃபேன் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையில் அப்பா தூங்க முடியவில்லை.

சரி, பேஸ்ட் காய்ந்திருக்கும் என்று நானே முடிவு கட்டி, ஏரியாவில் இருக்கும் ஒரு கடைக்கு சிபியுவைத் தூக்கிக்கொண்டு போனேன். (கடைப் பெயர் போடவில்லை, கேட்காதீர்கள்.)

“பேஸ்ட், பேட் எல்லாம் ஒரிஜினல் போட்டுத் தரேன் தம்பி. நாளைக்கு வாங்க” என்றார். (பேட் என்பது மெமரி சிப்புகளின் சூட்டைக் கடத்தும் மெத்தைத் துண்டு.)

மறுநாள் ஃபர்மார்க் (கார்டை முழு வேகத்தில் ஓட்டிச் சோதிக்கும் மென்பொருள்) ஓட்டிக் காட்டினார். 62 டிகிரி! அசந்துபோய்ப் பணத்தைக் கொடுத்தேன். கடையில் ஏசி ஓடியது, கேபினெட்டின் பக்க மூடி கழற்றிக் கிடந்தது, டெஸ்ட் இரண்டு நிமிடம்கூட ஓடவில்லை. எல்லாம் கண்ணில் பட்டது, மண்டையில் ஏறவில்லை. பில் கேட்டதற்குத் துண்டுச் சீட்டில் ‘சர்வீஸ் 2400’ என்று கிறுக்கித் தந்தார்.

வீட்டில் வந்து கேமைப் போட்டால் நொடிக்கு 90 ஃபிரேம் வந்த இடத்தில் 65 தாண்டவில்லை. ஃபேனோ மிக்ஸி ஓடுவது மாதிரி. கார்டின் நிலையைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து பார்த்தேன். 200 வாட் இழுக்க வேண்டிய கார்டு 120க்கு மேல் போகவே இல்லை. வேகம் ஏன் மட்டுப்படுகிறது என்று காட்டும் இடத்தில் ‘பவர்’ என்று இருந்தது. அப்புறம்தான் கவனித்தேன், நான் போடாத ஆஃப்டர்பர்னர் (கார்டின் பவரையும் ஃபேனையும் மாற்றும் மென்பொருள்) கீழே ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறது. பவர் லிமிட் 60 சதவீதம், ஃபேன் 100 சதவீதம், கணினி ஆன் ஆகும்போதே அமலாகும்படி டிக் வேறு. அடுப்பைத் தணித்து வைத்துவிட்டு, பாத்திரம் சூடாகவில்லை பார் என்று காட்டியிருக்கிறார்.

எல்லாவற்றையும் பழையபடி மாற்றினேன். ஐந்தே நிமிடத்தில் கார்டு 81, ஹாட்ஸ்பாட் 106.

இங்கேதான் கவனிக்க வேண்டும். சிப்பின் மேல் ஹீட்சிங்க் சீராக உட்கார்ந்திருந்தால் இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவே 10, 15 டிகிரிதான் வித்தியாசம் இருக்கும். கடைக்குப் போகுமுன் எனக்கு 14. வந்தபின் 25. அதாவது பேஸ்ட் முன்பு நன்றாகத்தான் இருந்திருக்கிறது! அதைக் கெடுக்கத்தான் காசு கொடுத்திருக்கிறேன்.

திரும்பப் போய்க் கேட்டேன். “கேம் ஆடினா சூடாகத்தான் செய்யும் தம்பி. இது மைனிங் கார்டு, சிப்பே போயிடுச்சு. ரீபால் பண்ணணும், 6,500 ஆகும். வேண்டாம்னா 5,000க்கு நானே எடுத்துக்கறேன்.” (ரீபால் என்றால் சிப்பைக் கழற்றி, அடியில் இருக்கும் சால்டர் குண்டுகளைப் புதிதாக வைத்து ஒட்டுவது.) ஆஃப்டர்பர்னரை ஏன் போட்டீர்கள் அண்ணா என்றேன். “அது சேஃப்டிக்கு.” நன்றாக ஓடுகிற கார்டை 5,000க்குக் கேட்டபோதுதான் அவருடைய வியாபாரம் புரிந்தது.

கார்டை எடுத்துக்கொண்டு வந்து, கை நடுங்க நானே திறந்தேன். ஒரு மெமரி சிப்பின் மேல் மட்டும் பழைய பேட் மாற்றாமல் கிடந்தது, ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். மற்றவற்றின் மேல் இரண்டு மில்லிமீட்டர் பேட். தடித்த பேட் ஹீட்சிங்கைத் தூக்கிப் பிடித்தால் அது நடுச் சிப்பில் எப்படிப் படியும்? சிப்பைச் சுற்றி ஸ்பிரிங் வைத்த நாலு ஸ்க்ரூ இருக்க வேண்டும், மூன்றுதான் இருந்தது. ஹீட்சிங்க் இடுக்குகளில் தூசி அப்படியே. 2,400 ரூபாயில் அதைக்கூட ஊதவில்லை, மகானுபாவர்.

தூசியை ஊதி, சரியான தடிமனில் பேட் வாங்கிப் போட்டு, பேஸ்ட் தடவி மூடினேன். வோல்டேஜை 0.9க்கு இறக்கி, 1800 மெகாஹெர்ட்ஸில் நிறுத்தினேன். வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலே மின்சாரச் செலவு அதைவிட வேகமாக இறங்கும். 160 வாட்டிலேயே ஓடுகிறது. ஃபிரேம் நாலைந்துதான் குறைந்தது. அவர் வைத்த பவர் லிமிட்டோடு ஒப்பிட்டால் இது எங்கே, அது எங்கே. கேபினெட்டின் பின்பக்கம் சூடான காற்று வெளியேற ஒரு ஃபேனும் மாட்டினேன். அதே அறை, அதே மதியம்: கார்டு 71, ஹாட்ஸ்பாட் 83.

கொடுத்தே ஆக வேண்டும் என்றால், கொடுப்பதற்கு முன்பே உங்கள் வீட்டில் அரை மணி கேம் ஆடி, இரண்டு எண்ணையும் வாட்டையும் ஃபேன் வேகத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள். வாங்கும்போது மூடி போட்ட கேபினெட்டில் அதே நாலையும் பாருங்கள். வாட் குறைந்திருந்தால் காசை எடுக்காதீர்கள். பில் இருந்தால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். என் கையில் துண்டுச் சீட்டுதான்.

நாலாவது ஸ்க்ரூவுக்காக அந்தக் கடைக்கு மூன்று முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. கடைசியில் ரிச்சி தெருவில் ஒரு செத்த கார்டிலிருந்து கழற்றி வாங்கினேன். இருபது ரூபாய்.