சூப்பர்மேன் (2025): சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் விடுமுறையில் வளவு வீடு நிறைந்தால், ஐந்து வயதும் பதினைந்து வயதும் ஒரே படத்தைத்தான் பார்க்கும். அப்பத்தாக்களுக்கும் ஐயாக்களுக்கும் சொல்வது இதுதான்: ஜேம்ஸ் கன் இயக்கிய இந்தப் படத்தைப் பத்து வயதுக்கு மேல் தாராளமாகக் காட்டலாம்.

ராட்சத மிருகத்தோடு நடக்கும் சண்டை பயமுறுத்தாது. அதைக்கூட உயிரோடு பிடிக்கத்தான் நாயகன் பார்க்கிறார்; நடுவில் ஓர் அணிலைத் தூக்கிக் காப்பாற்றுகிறார். அந்தக் கனிவுதான் படத்தின் பலம்.

சிக்கல் சிறைக் காட்சியில். சூப்பர்மேனைப் பேசவைக்க, அவருக்குத் தெரிந்த உணவுக் கடைக்காரர் மாலிக் அலியின் தலைக்கு நேரே துப்பாக்கியை நீட்டி, விசையை அழுத்திக்கொண்டே போகிறான் வில்லன் லெக்ஸ் லூதர். சக்தியிழந்த நாயகன் கண்ணெதிரே அந்த நல்ல மனிதர் சாகிறார். இடிந்து விழும் கட்டடங்களைவிட இதுதான் சின்னப் பிள்ளையின் தூக்கத்தைக் கெடுக்கும். நானோ துகள்கள் உடலுக்குள் புகுந்து மூச்சை அடைக்கும் சண்டையும் அப்படித்தான்.

தணிக்கையில் 33 வினாடி முத்தக் காட்சியை வெட்டியவர்கள் இந்தக் கொலையை விட்டுவைத்தது சரியே இல்லை.

இந்தப் படத்துக்குத் தணிக்கையில் கிடைத்த யூ/ஏ 13+ என்பது பெற்றோருக்கான அறிவுரை. தியேட்டர் வாசலில் பிள்ளையைத் தடுக்காது. வீட்டில் பார்ப்பதானால் பெரியவர்களில் ஒருவர் முதலில் தனியாகப் பார்த்து, சிறைக் காட்சி வரும் நிமிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓடிடியில் பிள்ளைக்குத் தனி ப்ரொஃபைல் போட்டு வயது வரம்பை 7+ ஆக வையுங்கள். பெரியவர் ப்ரொஃபைலுக்கு ரகசிய எண் (PIN) போடாவிட்டால் அந்த வரம்பு வீண். பிள்ளை அதற்குள் போய்ப் பார்த்துவிடும்.