லீடரோடு டிப்பெட்: சர்ஜன் முடிச்சா, பிளட் முடிச்சா?

ஃப்ளை தூண்டிலில் (ஃப்ளை என்பது பூச்சி போன்ற செயற்கை இரை) முக்கியக் கயிற்றின் முனையில் வரும் மெலிந்துகொண்டே போகும் நரம்பு இழை லீடர்; அதன் நுனிக்கும் ஃப்ளைக்கும் இடையிலான மெல்லிய நரம்பு டிப்பெட். லீடர் நுனியோடு டிப்பெட்டைச் சேர்க்க சர்ஜன், பிளட் என்ற இரண்டு முடிச்சுகள்தான் பெரும்பாலும் போட்டிக்கு வரும். ஆற்றில் நின்றபடி கட்டுவதென்றால் என் ஓட்டு சர்ஜனுக்கு. பிளட் முடிச்சு மெலிது, நேராக நிற்கும், ராடின் வளையங்களில் தட்டாமல் ஓடும். அதை மறுக்க முடியாது.

என்னைப் பொறுத்தவரை முடிவு செய்வது தடிமன் வித்தியாசம்தான். பிளட் முடிச்சில் இரண்டு நரம்பும் ஒன்றையொன்று சமமாகக் கவ்வ வேண்டும். எக்ஸ் எண் கூடக் கூட நரம்பு மெலியும்: 4எக்ஸுடன் (0.007 அங்குலம்) 5எக்ஸ் (0.006) சேர்த்தால் தொல்லையில்லை. 3எக்ஸ் நுனியில் நேராக 6எக்ஸைக் கட்டினால், அதாவது 0.008-உடன் 0.005, மெல்லியது பிடிப்பில்லாமல் வழுக்கும். மெல்லிய பக்கம் சுற்றுகளைக் கூட்டலாம்தான், ஆனால் விரைத்த விரல்களால் அந்த வேலையை யார் செய்வது? சர்ஜனில் இரண்டு நரம்பும் சேர்ந்தே சுற்றிக்கொள்வதால் இந்த வித்தியாசம் அவ்வளவாக உறுத்தாது. நைலானோடு ஃப்ளோரோகார்பன் சேர்க்கவும் அதையே கட்டுவேன்.

டிப்பெட்டை முதலில் ஸ்பூலிலிருந்து வெட்டிவிடுங்கள். மறந்தால் பாதியில் மாட்டிக்கொள்வீர்கள். இரண்டு நரம்பையும் எதிரெதிர் திசையில் 15 செ.மீ. ஒட்டிவைத்து, சேர்த்தே ஒரு கண்ணி போடுங்கள். லீடரின் நுனியையும் டிப்பெட் முழுவதையும் அதனுள் 3 முறை நுழையுங்கள். எச்சில் தொட்டு நனைத்து, நான்கு முனைகளையும் ஒன்றாக இழுங்கள். உலர்ந்தபடி இழுத்தால் உராய்வுச் சூட்டில் நரம்பு சுருண்டு பலமிழக்கும். முடிச்சுக்குள் ஒரு நரம்பு மட்டும் தளர்ந்து வளைந்து நின்றால் பாரம் முழுக்க மற்றதன் மேல் விழும். வெட்டிவிட்டு மறுபடி கட்டுவதே மேல்.

சர்ஜனின் குறை, அதன் பருமன். தடித்த நரம்புகளைப் படிப்படியாக இணைத்து லீடர் செய்யும்போது அது கட்டியாகிவிடும். அங்கே பிளட்தான் சரி: பக்கத்துக்கு 5 சுற்று, மிகத் தடித்த நரம்புக்கு 3 போதும், நுனிகள் நடு இடைவெளியில் எதிரெதிராக நுழைய வேண்டும். ஒரு நுனியை நீளமாக விட்டால் செங்குத்தாக நிற்கும். இரண்டாவது ஃப்ளையை அதில் கட்டலாம்.

எது எத்தனை சதவீதம் தாங்கும் என்பது நரம்புக்கு நரம்பு மாறும். மூன்று துண்டு நரம்பை எடுத்து, நடுத்துண்டின் ஒரு முனையில் சர்ஜனும் மறுமுனையில் பிளட்டும் கட்டி, கையில் துணி சுற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டு அறும்வரை இழுங்கள். அப்படி நாலைந்து தடவை.